விலகிப்போக ஒரு சாக்கு

1995ஆம் ஆண்டு, அமெரிக்காவின் பாஸ்டன் நகரம். ஒரு பெரிய வரைபடத்தை விரித்துவைத்து அதைச் சுற்றிச் சிலர் உட்கார்ந்தார்கள். கோஷ்டிக் குற்றங்களைக் கவனிக்கும் போலீஸ்காரர்கள், நன்னடத்தை அதிகாரிகள், நகராட்சிச் சம்பளத்தில் தெருமுனைப் பையன்களோடு பழகி அவர்களுடைய நம்பிக்கையைச் சம்பாதித்திருந்த களப்பணியாளர்கள். அவர்கள் கையில் 155 பெயர்கள் கொண்ட பட்டியல் இருந்தது. 1990 முதல் 1994 வரை அந்த ஊரில் துப்பாக்கியாலோ கத்தியாலோ கொல்லப்பட்ட, 21 வயதைத் தாண்டாத பிள்ளைகளின் பட்டியல் அது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்திலிருந்து வந்திருந்த டேவிட் கென்னடி, அந்தோனி பிராகா, ஆன் பீல் ஆகிய மூவரும் ஒவ்வொரு பெயராக வாசித்து ஒரே கேள்வியைக் கேட்டார்கள். இந்தப் பையனை யார் கொன்றது, எதற்காக?

பெரும்பாலான பெயர்களுக்கு அங்கே யாராவது ஒருவரிடம் பதில் இருந்தது. அந்தத் தெருக்காரர்கள் இந்தத் தெருக்காரன் ஒருவனைப் போன வருஷம் சுட்டார்கள், அதற்குப் பதில் இது. இவனுடைய அண்ணனை அவன் அடித்தான். ஒரு விருந்தில் இவன் அவனை முறைத்தான். பேசப்பேச, வரைபடத்தில் ஒவ்வொரு கோஷ்டியின் எல்லையும் வரையப்பட்டது. யாருக்கும் யாருக்கும் பகை, யாருக்கும் யாருக்கும் உறவு என்று கோடுகள் இழுக்கப்பட்டன. கடைசியில் கணக்கு இப்படி வந்தது: கோஷ்டிகள் 61, ஆட்கள் சுமார் 1,300 பேர். நகரத்திலிருந்த அந்த வயதுக்காரர்களில் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. ஆனால் இளைஞர் கொலைகளில் நூற்றுக்கு அறுபதாவது இவர்களைச் சுற்றியே நடந்திருந்தன.

அந்த நாட்களில் செய்தித்தாள்கள் பெரும்பாலும் கிராக் என்னும் போதைப்பொருளின் வியாபாரப் போட்டியைத்தான் காரணமாகச் சொல்லின. கிராக் ஊருக்குள் வந்ததும் அதோடு துப்பாக்கிகள் பெருகியதும் உண்மை. ஆனால் பட்டியலில் இருந்த கொலைகளில் வியாபாரத்துக்காக நடந்தவை குறைவு. பழிக்குப் பழியும், கௌரவமும், எல்லாவற்றுக்கும் அடியில் பயமும்தான் அதிகம். எதிர்த்தெருக்காரன் துப்பாக்கி வைத்திருக்கிறான் என்பதால் இவன் ஒன்று வாங்குகிறான். இவன் வாங்கிவிட்டான் என்று தெரிந்ததும் அங்கே இன்னும் நான்கு பேர் வாங்குகிறார்கள். அவன் சுடுவதற்கு முன்னால் நாம் சுட்டுவிட வேண்டும் என்ற கணக்கு இரண்டு பக்கமும் ஓடிக்கொண்டே இருக்கிறது. கொன்றவர்களின் பதிவேடுகளைப் பார்த்தால் முந்தைய வழக்குகள் குவிந்திருந்தன. கொல்லப்பட்டவர்களின் பதிவேடுகளும் கிட்டத்தட்ட அப்படியே இருந்தன. செத்தவனும் கொன்றவனும் ஒரே மாதிரியான வீட்டில் வளர்ந்து, ஒரே மாதிரியான பள்ளியை விட்டு ஓடிவந்தவர்கள்.

இந்தப் பயத்தைப் புரிந்துகொள்ளாமல் கோஷ்டிகளைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை என்று நான் நினைக்கிறேன். பிலடெல்பியாவின் ஏழைப் பகுதிகளில் பல ஆண்டுகள் ஆய்வு செய்த சமூகவியலாளர் எலைஜா ஆண்டர்சன், அங்கே ஓர் எழுதாத சட்டம் நிலவியதை விவரித்தார். போலீஸ் வரும், நியாயம் கிடைக்கும் என்று யாரும் நம்பாத இடத்தில் ஒருவனைக் காப்பாற்றுவது அவனுடைய பேர் மட்டும்தான். ‘இவன்மேல் கை வைத்தால் விடமாட்டான்’ என்ற பேர் இருந்தால் நிம்மதியாகக் கடைக்குப் போய்வரலாம். ஒரு நாள் ஒருவன் தோளில் இடித்துவிட்டுப் போகிறான், இவன் சும்மா இருந்துவிடுகிறான் என்றால், மறுநாள் பத்துப் பேர் இடிப்பார்கள். வெளியிலிருந்து பார்க்கும் நமக்கு, முறைத்ததற்காகவா கொலை என்று தோன்றும். அந்தத் தெருவில் வாழும் பதினாறு வயதுக்காரனுக்கு அந்த ஒரு முறைப்பில் அடுத்த ஆறு மாத வாழ்க்கை அடங்கியிருக்கிறது.

பையன்கள் கோஷ்டியில் சேரும் வழியும் நாம் சினிமாவில் பார்ப்பதுபோல இல்லை. நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் நகரில், 1988இல் ஏழாம், எட்டாம் வகுப்பிலிருந்த ஆயிரம் மாணவர்களை டெரன்ஸ் தோர்ன்பெரியும் அவருடைய குழுவினரும் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். கோஷ்டியில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் ஒரு வருஷம் அல்லது அதற்கும் குறைவாகவே அதில் இருந்தார்கள். அதைவிட முக்கியமான செய்தி இன்னொன்று. கெட்ட பையன்கள் ஒன்றுகூடித்தான் கோஷ்டி ஆகிறது என்றால், சேர்வதற்கு முன்பும் விலகிய பின்பும் அவர்கள் குற்றம் செய்துகொண்டே இருக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை. சேர்ந்த வருஷம் குற்றங்கள் சட்டென்று ஏறின, விலகிய பிறகு இறங்கின. சேர்வதற்கு முன்னால் அவர்களுக்கும் மற்றவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இருக்கவில்லை. பையனுக்குள் முன்பே இருந்த குணத்தைவிட, அந்தக் கூட்டத்தில் இருந்த காலம்தான் அதிகம் வேலை செய்திருக்கிறது.

ஏன் சேர்ந்தாய் என்று கேட்டால் பல ஊர்களிலும் கிடைக்கும் பதில் இரண்டுதான்: கூட்டாளிகள் இருந்தார்கள், பாதுகாப்பாக இருக்கும் என்று நினைத்தேன். ஆனால் கோஷ்டியில் சேர்ந்தவன் அடிபடுவதும் சுடப்படுவதும் சேராதவனைவிட அதிகம் என்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. பாதுகாப்புத் தேடிப் போன இடத்தில் இருக்கிற பாதுகாப்பும் போய்விடுகிறது. எதிரிக்கு இவன் முகம் தெரிந்துவிடுகிறது, இவன் செய்யாத காரியத்துக்கும் இவன் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

இந்தக் கதை தமிழர்களுக்கு அந்நியமானதல்ல. 1990களில் டொரன்டோவின் கிழக்கே ஸ்கார்பரோவில், ஈழத்துப் போரிலிருந்து தப்பி வந்த குடும்பங்களின் பிள்ளைகளிடையே கோஷ்டிகள் உருவாயின. ஒன்று வல்வெட்டித்துறையின் பெயரைத் தாங்கியது, இன்னொன்று ஏ.கே. துப்பாக்கியின் பெயரை. மொழி தெரியாத பள்ளிக்கூடம், இரண்டு வேலை பார்க்கும் பெற்றோர், ஊரில் விட்டுவந்த உறவுகள், இதற்கு நடுவே ‘நம்ம ஆட்கள்’ என்று சொல்லிக்கொள்ள ஒரு கூட்டம். எந்தக் கோஷ்டியிலும் இல்லாத ஒரு பல்கலைக்கழக மாணவர் கடையில் உட்கார்ந்திருந்தபோது சுடப்பட்டு இறந்தார். அதன் பிறகுதான் அங்கிருந்த தமிழ் இளைஞர்களே முன்வந்து கனேடியத் தமிழ் இளைஞர் மேம்பாட்டு மையத்தைத் தொடங்கினார்கள். எங்கள் பிள்ளைகள் அப்படிப்பட்டவர்கள் இல்லை என்று சமூகத்தின் மானத்துக்காக வாயை மூடிக்கொள்வதற்குப் பதிலாக, நடப்பதை நடப்பதென்று சொன்ன அந்த இளைஞர்களை நான் மிகவும் மதிக்கிறேன்.

கூட்டம் ஒரு பையனை என்ன செய்கிறது என்பதை ஆய்வுக்கூடத்திலேயே பார்க்க முடியும். 2005இல் மார்கோ கார்ட்னர், லாரன்ஸ் ஸ்டைன்பெர்க் என்ற இரண்டு உளவியலாளர்கள் கணினியில் கார் ஓட்டும் விளையாட்டு ஒன்றைக் கொடுத்தார்கள். மஞ்சள் விளக்கு எரிகிறது. இன்னும் கொஞ்ச தூரம் போனால் புள்ளிகள் கூடும், ஆனால் எந்த நொடியிலும் சிவப்பு விழுந்து கார் மோதலாம். தனியாக விளையாடும்போது பதின்வயதினரும் பெரியவர்களும் ஏறக்குறைய ஒரே மாதிரி நடந்துகொண்டார்கள். நண்பர்கள் பக்கத்தில் இருந்தபோது, பெரியவர்களிடம் மாற்றமில்லை, பதின்வயதினர் மிக அதிகமாகத் துணிந்தார்கள். பின்னால் இதேபோன்ற ஒரு விளையாட்டை மூளையைப் படம்பிடிக்கும் கருவிக்குள் வைத்து ஆட விட்டார்கள். நண்பர்கள் பக்கத்து அறையில் இருந்துகொண்டு பார்க்கிறார்கள் என்று தெரிந்ததுமே, வெகுமதியை உணரும் மூளைப் பகுதிகள் பதின்வயதினருக்குக் கூடுதலாகத் தூண்டப்பட்டன. யாரும் உசுப்பேற்றவில்லை, கைதட்டவில்லை. பார்க்கிறார்கள் என்பதே போதுமானதாக இருந்தது. ‘தனியாப் பார்த்தா தங்கமான பையன் சார்’ என்று அம்மாக்கள் காவல் நிலையத்தில் அழும்போது பொய் சொல்வதில்லை.

இதைத் தெரிந்துகொண்டால், நல்ல மனத்தோடு செய்த பல முயற்சிகள் ஏன் கெடுதலில் முடிந்தன என்பதும் விளங்கும். அவற்றில் ஒன்றைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

பாஸ்டனை ஒட்டிய கேம்பிரிட்ஜ், சாமர்வில் என்ற இரண்டு ஊர்களில் 1939இல் ஒரு திட்டம் தொடங்கியது. 506 சிறுவர்கள். வயது, குடும்பம், குணம் என்று பார்த்து அவர்களை இரண்டிரண்டு பேராக ஜோடி சேர்த்து, ஒவ்வொரு ஜோடியிலும் ஒருவனுக்கு மட்டும் உதவி, மற்றவனுக்கு ஒன்றும் இல்லை என்று பிரித்தார்கள். உதவி பெற்றவர்களின் வீட்டுக்கு ஓர் ஆலோசகர் மாதம் இரண்டு முறை வந்தார். பாடம் சொல்லிக்கொடுத்தார்கள், மருத்துவரிடம் அழைத்துப்போனார்கள், கோடைக்கால முகாமுக்கு அனுப்பினார்கள். சுமார் ஐந்தரை ஆண்டுகள் இப்படி நடந்தது. முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு ஜோன் மெக்கார்ட் என்ற ஆய்வாளர் அந்த மனிதர்களைத் தேடிப் பிடித்தார். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் அந்தத் திட்டம் தங்களுக்கு நல்லது செய்ததாக நன்றியோடு சொன்னார்கள். பதிவேடுகள் வேறு கதை சொல்லின. மறுபடியும் குற்றம் செய்தவர்கள், குடிக்கு அடிமையானவர்கள், முன்னதாகவே இறந்தவர்கள் என்று எதை எடுத்தாலும் உதவி பெறாதவர்களின் நிலையே மேலாக இருந்தது. பின்னாளில் மெக்கார்ட் இன்னும் துருவிப் பார்த்தபோது, கெடுதல் பெரும்பாலும் கோடை முகாமுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட முறை போனவர்களிடம்தான் குவிந்திருந்தது. தொல்லை தரும் பிள்ளைகளை ஒன்றாக வைத்தால் ஒருவனுடைய சாகசத்துக்கு மற்றவன் ரசிகன் ஆகிறான். முகாம் நடத்தியவர்கள் அன்பானவர்கள்தான், ஆனால் அவர்களையும் அறியாமல் ஒரு கூட்டத்தை உருவாக்கிக் கொடுத்திருந்தார்கள்.

லாஸ் ஏஞ்சலஸில் 1960களில் மால்கம் கிளைன் என்ற ஆய்வாளர் கண்டதும் இதுதான். கோஷ்டிகளுக்கென்று தனியாகச் சமூகப் பணியாளர்களை நியமித்து, கூட்டம், விளையாட்டு, சுற்றுலா என்று நடத்தினார்கள். கோஷ்டியின் ஒட்டுறவு இறுகியது, குற்றமும் கூடியது. நியூ ஜெர்சியின் ராவே சிறைக்குப் பையன்களை அழைத்துப்போய் ஆயுள் கைதிகளை விட்டு மிரட்ட வைத்த திட்டம் 1978இல் ஓர் ஆவணப்படத்தால் உலகப் புகழ் பெற்றது. அதைப்போன்ற திட்டங்களை முறையாகச் சோதித்தபோது, மிரட்டப்பட்டவர்கள் மிரட்டப்படாதவர்களைவிட அதிகமாகவே குற்றம் செய்தார்கள். எல் சல்வடோரில் 2000களில் ‘இரும்புக் கரம்’ என்று சொல்லி ஆயிரக்கணக்கான இளைஞர்களைப் பிடித்து, சண்டை வராமல் இருக்க கோஷ்டிக்கு ஒரு சிறை என்று ஒதுக்கினார்கள். தெருவில் சிதறிக் கிடந்த தலைவர்களுக்கு அரசாங்கமே ஒரு தலைமையகம் கட்டிக்கொடுத்ததுபோல் ஆயிற்று.

பாஸ்டனுக்குத் திரும்புவோம். 1996 மே மாதம், டார்செஸ்டர் பகுதியில் தொடர்ந்து சுட்டுக்கொண்டிருந்த ஒரு கோஷ்டியின் ஆட்களை நீதிமன்றக் கட்டடத்துக்கு வரவழைத்தார்கள். உள்ளூர் போலீஸ், மத்திய அரசு வழக்கறிஞர்கள், நன்னடத்தை அதிகாரிகள் எல்லோரும் ஒரே இடத்தில் நின்று ஒரே செய்தியைச் சொன்னார்கள். ‘உங்களில் யார் சுட்டாலும் கோஷ்டி முழுவதையும் கவனிப்போம். பழைய வாரண்ட், நன்னடத்தை மீறல், வண்டிக்கு உரிமம் இல்லாதது, எதையும் விடமாட்டோம். சுடுவது நின்றால் இதெல்லாம் இல்லை. வேலை வேண்டுமா, படிப்பு வேண்டுமா, இதோ இவர்களிடம் கேளுங்கள்.’ அங்கே களப்பணியாளர்களும் இருந்தார்கள், அந்தத் தெருக்களில் இரவில் நடந்து பையன்களோடு பேசிவந்த பாதிரியார்களும் உடன் நின்றார்கள். 1991 முதல் 1995 வரை ஆண்டுக்குச் சராசரியாக 24 வயதுக்கு உட்பட்டவர்கள் 44 பேர் கொலையாகிவந்த ஊரில், 1996இல் 26 பேர், 1997இல் 15 பேர். அதே காலத்தில் அமெரிக்கா முழுவதுமே குற்றம் குறைந்தது என்பதால் இதில் எவ்வளவு பங்கு இந்தத் திட்டத்துக்கு என்ற வாதம் இன்னும் ஓய்ந்தபாடில்லை. மற்ற நகரங்களோடு ஒப்பிட்டபோது பாஸ்டனின் சரிவு செங்குத்தானது, திட்டம் தொடங்கிய நேரத்தோடு பொருந்துவது. அதனால் இதைத் தற்செயல் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

மிரட்டல்தான் வேலை செய்தது என்று இதை வாசிப்பவர்கள் உண்டு. என் வாசிப்பு வேறு. தனியே இருக்கும்போது அந்தப் பையன்களில் பலருக்கு இந்தச் சண்டை அலுத்துப்போயிருந்தது. ஆனால் ‘எனக்கு வேண்டாம்’ என்று கூட்டாளிகள் முன்னால் யார் முதலில் சொல்வது? சொன்னவன் பயந்தாங்கொள்ளி. நீதிமன்றக் கூட்டம் அவர்களுக்கு ஒரு சாக்கைக் கொடுத்தது. ‘நான் பயப்படலைடா, நீ சுட்டா நம்ம எல்லாரையும் உள்ளே தள்ளிடுவான்’ என்று இப்போது ஒருவன் மானம் போகாமல் சொல்லலாம். எதிர்க்கோஷ்டிக்கும் இதே செய்தி போயிருக்கிறது என்று தெரிந்தால், முதலில் சுட்டாக வேண்டும் என்ற நெருக்கடியும் தளரும். தெருவின் எழுதாத சட்டத்தை யாரும் ஒழிக்கவில்லை. அந்தச் சட்டத்துக்கு உள்ளேயே ஒரு வாசல் திறந்துவிட்டார்கள்.

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் துப்பாக்கி இல்லை, கத்தி. அங்கே கோஷ்டிச் சண்டை தலைமுறை தலைமுறையாக வருவது. 1968இல் பிரபல பாடகர் ஃபிராங்கி வான் ஈஸ்டர்ஹவுஸ் குடியிருப்புக்கு நேரில் வந்து பேசியபோது பையன்கள் ஆயுதங்களைக் கொண்டுவந்து போட்டார்கள், செய்தியானது, பிறகு பழையபடியே ஆயிற்று. சில தெருக்கள்தான் ஒரு கோஷ்டியின் நாடு. அதைத் தாண்டி அடுத்த தெருவிலிருக்கும் நீச்சல்குளத்துக்கோ வேலை தேடும் அலுவலகத்துக்கோ போக முடியாமல் வாழ்ந்த பிள்ளைகள் இருந்தார்கள். 2005 ஜனவரியில் ஜான் கார்னகன் என்ற துப்பறியும் அதிகாரியும், கேரின் மெக்கிளஸ்கி என்ற ஆய்வாளரும் சேர்ந்து போலீஸுக்குள்ளேயே வன்முறைக் குறைப்புப் பிரிவைத் தொடங்கினார்கள். மெக்கிளஸ்கி முன்பு செவிலியராக இருந்தவர். வன்முறையைக் காலராபோலத் தடுக்கக்கூடிய நோயாக அணுகுவோம் என்றார்கள்.

2008இல் பாஸ்டன் முறையை அங்கே கொண்டுவந்தார்கள். ஒன்றையொன்று வெட்டிக்கொண்டிருந்த கோஷ்டிகளின் பையன்களை ஷெரீப் நீதிமன்றத்துக்கு அழைத்து, தனித்தனியே உட்கார வைத்தார்கள். போலீஸ் அதிகாரி எச்சரித்தார். கிழிந்த முகங்களைத் தைக்கும் அறுவைச் சிகிச்சை நிபுணர், தான் தினமும் மேஜைமேல் பார்ப்பது என்ன என்று சொன்னார். மகன் வெட்டுப்பட்ட ஒரு தாய் எழுந்து பேசினார். போலீஸ் பேசும்போது சாய்ந்து உட்கார்ந்திருந்த பையன்கள் அந்த அம்மா பேசும்போது தலையைத் தொங்கப்போட்டார்கள் என்று நடத்தியவர்கள் பலமுறை சொல்லியிருக்கிறார்கள். முடிவில் ஒரு தொலைபேசி எண் தரப்பட்டது. விலக நினைப்பவன் அழைத்தால் மறுமுனையில் ஆள் இருப்பார். திட்டத்தில் சேர்ந்தவர்களிடையே ஆயுதம் வைத்திருந்த குற்றங்கள் இரண்டு ஆண்டுகளில் 84 சதவீதம் குறைந்தன. ஒப்பீட்டுக்கு எடுத்த, திட்டத்தில் இல்லாத பையன்களிடையே 40 சதவீதம். அடிதடிக் குற்றங்களில் இவ்வளவு தெளிவான வித்தியாசம் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் கத்தியில்லாமல் வெளியே போகலாம் என்று ஒருவனுக்குத் தோன்றிவிட்டால், அவனுடைய சண்டை மூக்கில் ரத்தத்தோடு முடிய வாய்ப்பு உண்டு. 2004-05இல் 130க்கு மேல் இருந்த ஸ்காட்லாந்தின் கொலை எண்ணிக்கை பத்தாண்டுகளில் பாதிக்கும் கீழே வந்தது.

கோஷ்டிக்குள் போவதற்கு முந்தைய வயதில் என்ன செய்யலாம்? சிகாகோ பள்ளிகளில் பையன்களுக்காக நடக்கும் ஒரு வாராந்தர வகுப்பின் முதல் நாளை மட்டும் சொல்கிறேன். இரண்டிரண்டு பேராக நிற்கச் சொல்வார்கள். ஒருவன் கையில் ஒரு பந்து. ‘முப்பது நொடி தருகிறேன், அவன் கையிலிருந்து பந்தை வாங்கு’ என்பார் ஆசிரியர். உடனே முறுக்கல், இழுப்பு, தரையில் புரளல். நேரம் முடிந்ததும் அவர் கேட்பார்: ‘யாராவது, பந்தைக் கொடு என்று கேட்டுப் பார்த்தீர்களா?’ கேட்டால் என்னை ஏமாளி என்று நினைப்பான், கொடுக்கவே மாட்டான் என்று பையன்கள் சொல்வார்கள். எதிரில் நின்றவனிடம் கேட்டால், கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனே, வெறும் பந்துதானே என்பான். எதிரில் நிற்பவன் மனத்தில் ஓடுவதைப் பற்றி நாம் வைத்திருக்கும் கணக்கு தப்பாக இருக்கலாம் என்பது உடம்பில் ஏறுகிறது. குலுக்கல் முறையில் பையன்களைத் தேர்ந்து நடத்திய சோதனைகளில், வகுப்பு நடந்த காலத்தில் வன்முறைக் கைதுகள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. வகுப்பு நின்ற பிறகு அந்தப் பலன் மங்கியது. பழைய பயம் திரும்ப வருவதற்கு அதே தெருவும் அதே பார்வைகளும் காத்திருக்கின்றன. தொடர்ந்து நடத்தாமல் பலனை எதிர்பார்ப்பது நியாயமில்லை.

அதே ஊரில் வன்முறை மிகுந்த பகுதிகளின் 13 பள்ளிகளைச் சேர்ந்த 1,634 மாணவர்களை வைத்து சாரா ஹெல்லர் செய்த சோதனை 2014இல் வெளியானது. குலுக்கலில் தேறியவர்களுக்கு எட்டு வாரக் கோடை வேலை, குறைந்தபட்சக் கூலி, கூடவே பார்த்துக்கொள்ள ஒரு பெரியவர். அடுத்த 16 மாதங்களில் அவர்களின் வன்முறைக் கைதுகள் 43 சதவீதம் குறைந்தன. குறைவின் பெரும்பகுதி வேலை முடிந்த பிறகே வந்தது. வேலை நேரத்தில் பையனைத் தெருவில் இல்லாமல் வைத்திருந்தது மட்டுமே காரணமாக இருக்க முடியாது.

அடிபட்டவன் மருத்துவமனையில் கிடக்கும் நேரமும் முக்கியமானது. சிகாகோவின் கைதுப் பதிவேடுகளிலிருந்து, யாரோடு யார் சேர்ந்து பிடிபட்டார்கள் என்ற வலைப்பின்னலை ஆண்ட்ரூ பாப்பாகிரிஸ்டோஸ் குழுவினர் வரைந்தார்கள். 2006 முதல் 2014 வரை நடந்த பதினோராயிரம் துப்பாக்கிச்சூட்டுக் காயங்களில் 63 சதவீதம், கூட்டாளிகள் வழியாகத் தொற்றிப் பரவியவையாகத் தெரிந்தன. ஒருவன் சுடப்பட்டதற்கும் அவனோடு தொடர்புள்ள அடுத்தவன் சுடப்பட்டதற்கும் இடையே சராசரியாக 125 நாட்கள். நான்கு மாதம் என்பது கொஞ்ச நேரமல்ல. கிளாஸ்கோவின் அவசர சிகிச்சைப் பிரிவில் ‘வழிகாட்டிகள்’ என்ற பெயரில் ஆட்கள் இருக்கிறார்கள். தாங்களே ஒரு காலத்தில் அந்த வாழ்க்கையில் இருந்தவர்களும் அவர்களில் உண்டு. தையல் போட்டுக்கொண்டிருக்கும் பையனின் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிறார்கள். பழிவாங்கக் கிளம்பும் கூட்டாளிகள் வந்து சேர்வதற்கு முன்னால் ஒரு பேச்சு.

பாஸ்டன் திட்டம் 2000ஆம் ஆண்டுவாக்கில் கைவிடப்பட்டது. நடத்தியவர்கள் வேறு பொறுப்புகளுக்குப் போனார்கள், பாதிரியார்களுக்குள் மனக்கசப்பு, கொலை குறைந்துவிட்டதால் அவசரமும் போயிற்று. 1999இல் நகரம் முழுவதும் 31 கொலைகள். 2005இல் அந்த எண் 70ஐத் தாண்டியது. 2007இல் திட்டத்தை மறுபடி தொடங்கினார்கள், இந்த முறை ஆய்வாளர்கள் எண்ணிக்கையைக் கறாராக வைத்துக்கொண்டார்கள். நேரில் அழைத்துப் பேசப்பட்ட கோஷ்டிகளின் துப்பாக்கிச்சூடுகள், ஒத்த மற்ற கோஷ்டிகளோடு ஒப்பிடும்போது 31 சதவீதம் குறைந்தன. நேரில் அழைக்கப்படாமல், அழைக்கப்பட்ட கோஷ்டிகளோடு பகையோ உறவோ கொண்டிருந்த கோஷ்டிகளையும் கணக்கெடுத்தார்கள். அவர்களை யாரும் நீதிமன்றத்துக்குக் கூப்பிடவில்லை. ஆனாலும் அவர்களுடைய துப்பாக்கிச்சூடுகள் 24 சதவீதம் குறைந்திருந்தன.